கொடி உறையை நான்தான் எடுத்தேன்

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஏரி நிரம்பினால் நெல், வற்றினால் கேழ்வரகுக் கூழ். அப்படிப்பட்ட ஊருக்குக் கப்பல் படையின் அட்மிரல் ஒருவர் வந்தார். அறுபதுகளின் ஆரம்பம், சீனாக்காரன் சண்டை முடிந்த சமயம். அந்தப் போட்டோ இன்னமும் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அட்மிரலுக்குக் கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. பக்கத்தில் பெரிய வூட்டுக்காரர், பின்னால் ஊர்ப் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாத்தியார்கள் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமை பேசுவார்கள். அந்தப் போட்டோ எடுத்த அதே நேரத்தில் வெளியே புளியமரத்தடியில் என்ன நடந்தது என்று ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள், வேலை போய்விடுமே. அதனால் நான் சொல்கிறேன். எனக்குப் போக ஒரு வேலையும் இல்லை.

அட்மிரலின் காரை ஓட்டிக்கொண்டு வந்தவன் என் அண்ணன்.

முதலில் செருப்பு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊர்த் தெரு தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய புளியமரம். எங்கள் சேரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பஸ்ஸுக்குப் போக, கடைக்குப் போக, பிரசவ வலி வந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓட, எதற்கானாலும் ஊர்த் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். புளியமரத்தடிக்கு வந்ததும் சேரிக்காரன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தெருக்கோடி தாண்டிய பிறகு போட்டுக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் மண் கொதிக்கும். வயசானதுகள் செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தத்தித் தத்தி ஓடுவதைப் பார்த்துத் தெருவில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சட்டம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சட்டம் எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறவில்லை.

அண்ணன் கப்பல் படையில் டிரைவர் வேலைக்குச் சேர்ந்து முதல் லீவில் வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கறுப்பு பூட்ஸ். அந்த பூட்ஸில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படித் தேய்த்து வைத்திருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஊர்த் தெருவில் நடந்து வந்தான். பெரிய வூட்டின் இளைய மகன், சின்னவர் என்று சொல்வோம், வண்டி மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார்.

"டேய், கால்ல இன்னாடா அது? அவுரு."

"கெவுருமெண்டு குடுத்தது ஆண்டே. அவுக்க மாட்டேன்."

சின்னவர் தார்க்கோலை எடுத்துத் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டார். தார்க்கோல் என்றால் நுனியில் ஆணி அடித்த மாடு ஓட்டும் கோல். வெள்ளைச் சட்டை கிழிந்து ரத்தம் வந்தது. அடுத்த அடிக்குக் கோல் மேலே போனபோது அண்ணன் அதைப் பிடுங்கி அவர் முகத்திலேயே திருப்பி அடித்துவிட்டான். முன்பல் ஒன்று தெருவில் விழுந்தது. ஊர்த் தெருவில், பகலில், எல்லோரும் பார்க்க. அண்ணன் ஏரிக்கரை ஏறி ஓடித் தப்பித்தான். ஓடிக்கொண்டே பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான், எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மகன் கிடைக்காததால் நைனாவைப் பிடித்தார்கள். அதே புளியமரத்தில் கட்டி வைத்து, அதே தார்க்கோலால், கை ஓயும் வரைக்கும். நைனா வேட்டியிலேயே மூத்திரம் போய்விட்டார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் இரண்டு பேர் பிற்பாடு பஞ்சாயத்து மெம்பர் ஆனார்கள். அடி முடிந்ததும் பெரிய வூட்டுக்காரர் எங்கள் அம்மாவிடம் சொன்னார்: "உன் புள்ள காலு ஒடையாம இந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டான். ஞாபகம் வெச்சிக்கோ." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மடை திறக்கச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

நைனா அந்த ஐப்பசி மழைக்கு மேல் இருக்கவில்லை. கொள்ளி வைக்க அண்ணன் வர முடியவில்லை, சித்தப்பா மகன் வைத்தான். அதற்கப்புறம் அம்மா வாயில் ஒரே பேச்சுதான். "எம்புள்ள காலோட வந்து இந்த வூட்ல ஒரு வேளை துன்னுட்டுப் போவணும்." காலோடு என்பதை அழுத்திச் சொல்வாள்.

நாங்கள் அண்ணனைப் பார்க்கச் செங்கல்பட்டில் அத்தை வீட்டுக்குப் போவோம். அண்ணனுக்கு அப்போது மெட்ராஸில் வேலை. பெரிய ஆபீசர்கள் யார் வந்தாலும் அவன்தான் ஓட்டுவான். அவன் சொல்லும் கதைகளைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அட்மிரல் என்றால் கப்பலில் நின்றுகொண்டு குண்டு போடுகிறவர் என்று நான் நினைத்திருந்தேன்.

"அடிப் போடி. சண்ட எங்க கீது? காலைல கெளம்பினா ஒரு எடத்துல ரிப்பன் வெட்டணும். அப்பால ஆஸ்பத்திரில அடிபட்டவன பார்த்து, கைய புடிச்சி விசாரிக்கணும். அப்பால கவர்னரு வூட்ல டீ. செத்துப்போன சிப்பாயி பொஞ்சாதி வூட்டுக்குப் போயி, இன்னா சொல்றதுன்னு தெரியாம நிக்கணும். எங்க போனாலும் மாலை. டிக்கில போட்டுப் போட்டு வண்டி பூரா சாமந்தி நாத்தம். விருந்துக்குப் போற எடத்துல பேச்சு முடிய ரெண்டு மணி ஆவும்னு, அவுரு வண்டிலயே ரெண்டு பிரெட்டு துன்னுட்டுத்தான் எறங்குவாரு."

இந்தப் பேச்சில்தான் கொடி விஷயமும் வந்தது. காரின் மூக்கில் சின்னக் கம்பி, அதில் அட்மிரல் கொடி. முன்னால் நட்சத்திரம் போட்ட தகடு. அட்மிரல் உள்ளே உட்கார்ந்திருந்தால்தான் கொடி திறந்திருக்க வேண்டும். அவர் இறங்கிக் கதவைச் சாத்திய மறு நிமிஷம் டிரைவர் கொடிக்குக் கறுப்பு உறையை மாட்ட வேண்டும், தகட்டுக்கும் மூடி போட வேண்டும். திறந்த கொடியைப் பார்த்தால் போலீஸ், பட்டாளம், யாரானாலும் விறைத்து நின்று சல்யூட் அடித்தே ஆக வேண்டும். உறை போட்டுவிட்டால் அது வெறும் வண்டி.

"அப்ப நீ?" என்று கேட்டேன்.

"நானும் வெறும் டிரைவர்தான்" என்று சொல்லிவிட்டு அத்தை வைத்த மீனில் முள் எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

பெரிய வூட்டுக்காரர் தன் அப்பா பெயரில் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினார். அவருடைய மூத்த மருமகன் மெட்ராஸ் பையன், கப்பல் படையில் ஆபீசர், அட்மிரலுக்கு உதவியாளாகக் கூடவே சுற்றுகிறவர். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கிற பழைய குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க அட்மிரலுக்கு ஆசையாம். அப்படியே பக்கத்தில் மாமனார் ஊர், ஒரு கட்டடத்தைத் திறந்துவிட்டுச் சாப்பிட்டுப் போகலாம் என்று மருமகன் ஏற்பாடு செய்துவிட்டார். மெட்ராஸ் ஆபீசில், இந்த வழி யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் அண்ணன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்க ஊருதான் சார்" என்று முன்னால் போய் நின்றிருக்கிறான். கொழுப்பு. நைனாவுக்கும் அதே கொழுப்புதான்.

எனக்குச் சேதி வந்தது பஸ் கண்டக்டர் மூலமாக. "நான்தான் ஓட்டிக்கினு வரேன். வண்டி நிக்கும்போது அம்மாவ வாய்க்காலாண்ட வந்து நிக்கச் சொல்லு, கண்ணால பார்த்துட்டுப் போறேன்." கேட்டதும் வீட்டுப் படலைச் சாத்திவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. வஞ்சிர மீன் வாங்க ஆள் அனுப்பினாள். கிடைக்கவில்லை என்றதும் இருந்த கருவாட்டைப் போட்டுக் குழம்பு வைக்கிறேன் என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். செய்துவிட்டு, பெரிய வூட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுகிற சிநேகிதியிடம் மட்டும் சொன்னாள். பெற்றவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நான் என்ன செய்ய. சாயங்காலத்துக்குள் பெரிய வூட்டுக்குத் தெரிந்துவிட்டது.

தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்தது நாங்கள். விருந்துக்கு நெல் குத்தியதும் நாங்கள்தான். களத்துக் கொட்டகையில் என்னோடு நாலு பெண்கள், கை கொப்பளிக்கிற அளவுக்குக் குத்தினோம். அலங்கார வளைவு, வாழைமரம், காஞ்சிபுரத்திலிருந்து பேண்டு. எங்கள் ஆட்களின் பறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் தலையாரி வந்து, சேரியிலிருந்து ஒருத்தரும் வாய்க்காலைத் தாண்டக் கூடாது, நின்று பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். புளியமரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டிருந்தார்: "கொடி தெரிஞ்சா சல்யூட். அசந்துட்டு நின்னா பெல்ட்ட அவுத்துக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ."

முற்பகலில் கார் வந்தது. முன்னால் போலீஸ் ஜீப், பின்னால் கறுப்புக் கார், மூக்கில் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. அண்ணன் தொப்பி போட்டுக்கொண்டு நேராகப் பார்த்து ஓட்டினான். தெருவின் இரண்டு பக்கமும் ஊர் முழுக்கக் கைகூப்பி நின்றது. கார் மெதுவாகப் போனதால் அவர்கள் கும்பிட்ட கை அவனைத் தாண்டித்தான் பின் சீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சின்னவர் கையைக் கூப்பவில்லை. பல் போன இடத்தில் தங்கப்பல் கட்டியிருந்தார். வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி, அதைச் சொல்லாவிட்டால் பொய். அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்தது.

பள்ளிக்கூடத்து முன்னால் வண்டி நின்றது. அட்மிரல் தானாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்குவார் என்று நினைத்திருந்தேன். அண்ணன்தான் இறங்கிக் கதவைத் திறக்க வேண்டுமாம். இறங்கினான். அதே கறுப்பு பூட்ஸ், ஊர்த் தெரு மண்ணில். சல்யூட் அடித்தான். அட்மிரல் நல்ல உயரம், நரைத்த மீசை, வெயிலில் முகம் சிவந்து கிடந்தது. ஆரத்தி எடுத்தார்கள், மாலை போட்டார்கள், பேண்டு வாசித்தது, எல்லோரும் உள்ளே போனார்கள். அண்ணன் பையிலிருந்து கறுப்பு உறையை எடுத்துக் கொடிக்கு மாட்டி, கீழே இழுத்துவிட்டுக் கட்டினான். தகட்டுக்கு மூடி போட்டான். வண்டியைப் புளியமர நிழலில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டு, வாய்க்கால் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

அதற்குத்தான் காத்திருந்தார்கள். மரத்துக்குப் பின்னாலிருந்து நாலு பேர், சின்னவர் ஐந்தாவது ஆள். ஒருத்தன் கையில் களத்துக் கொட்டகை உலக்கை. நான் குத்திய உலக்கை அது. பூண் கொஞ்சம் தளர்ந்து ஆடும், எனக்குத் தெரியாதா. காரின் கதவைத் திறந்து அண்ணனைச் சட்டையோடு இழுத்தார்கள். அவன் ஒருத்தன் மூக்கை உடைத்தான், இன்னொருத்தன் வயிற்றில் உதைத்தான். மற்றவர்கள் தலையைப் பிடித்துக் கார்க் கதவில் மோதினார்கள். இரண்டாவது மோதலில் தொப்பி விழுந்து காது கிழிந்தது. உள்ளே பேண்டு உச்சத்தில் இருந்தது. எங்கள் தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். இரண்டு போலீஸ்காரர்களும் பள்ளிக்கூடத்தின் அழகைப் பார்த்துக்கொண்டு, மரத்துக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

"பூட்ச அவுருடா" என்றார் சின்னவர்.

"அவுக்க மாட்டேன்."

அவனைக் கீழே தள்ளி, வலது காலை இழுத்துப் புளியமர வேரின் மேல் வைத்தார்கள். ஒருத்தன் மார்பில் உட்கார்ந்தான், ஒருத்தன் பூட்ஸைப் பிடித்துக்கொண்டான். உலக்கை மேலே போய்க் கீழே வந்தது. நெல் குத்துகிற அதே வீச்சு. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். அம்மா அப்படியே வாய்க்கால் கரையில் சரிந்தாள். நான் தண்ணீரில் குதித்து ஓடினேன். நான் போவதற்குள் இரண்டாவது அடியும் விழுந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது, வெள்ளைக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தது. உலக்கை வைத்திருந்தவன் முதுகில் பாய்ந்து காதைக் கடித்தேன். வாய் நிறைய ரத்தம். அவன் என்னை உதறிக் காரின் மேல் வீசினான். சின்னவர் என் கூந்தலைப் பிடித்து வயிற்றில் மிதித்தார். "இன்னொரு காலையும் வைடா" என்று அவர் சொன்னது கேட்டது.

நான் விழுந்து கிடந்தது காரின் மூக்கடியில். கைக்கு எட்டுகிற தூரத்தில் கறுப்பு உறை. ஐந்து ஆம்பிளைகளை என்னால் அடிக்க முடியாது, அது எனக்குத் தெரிந்துவிட்டது. முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. பம்பரைப் பிடித்து எம்பி, பல்லால் கடித்து இழுத்தேன். உறை கையோடு வந்துவிட்டது. காற்றில் கொடி படக்கென்று விரிந்தது.

போலீஸ்காரர்களில் ஒருத்தர் அந்த நேரம் திரும்பினார். கொடியைப் பார்த்தார். அவருக்கு அண்ணனும் தெரியவில்லை, நானும் தெரியவில்லை, பெல்ட்தான் தெரிந்திருக்க வேண்டும். குதிகாலை அடித்து விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அவரைப் பார்த்து மற்றவரும் அடித்தார். "அய்யா வந்துட்டாரு, அய்யா வந்துட்டாரு" என்று ஒருத்தர் அலறினார். காருக்குள் ஒரு ஈ கூட இல்லை. ஆனால் அந்த அலறலைக் கேட்டதும் நாலு பேரும் உலக்கையைப் போட்டுவிட்டுக் களத்துப் பக்கம் ஓடினார்கள். சின்னவர் மட்டும் என் வயிற்றில் இன்னொரு முறை மிதித்துவிட்டு நடந்து போனார்.

நான் தவழ்ந்து அண்ணனிடம் போனேன். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தான்.

"மூடுடி."

"இன்னா?"

"கொடிய மூடு. அவுரு உள்ள இல்ல."

"உன் காலு தொங்குது. இப்ப கொடி ஒரு கேடா உனக்கு?"

"மூடுடி, என் வேல போயிடும்" என்று முனகினான். காலே போய்விட்டது, வேலையைப் பற்றிப் பேசுகிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை இன்னும் ஒரு அறை அறைந்திருப்பேன். உறையை இடுப்பில் செருகிக்கொண்டேன். மூடினால் மறுபடி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னான், அதுதான் என் அண்ணன்.

அலறல் உள்ளே எட்டி, பேண்டு நின்றது. முதலில் ஓடி வந்தவர் மருமகன் ஆபீசர். ரத்தத்தைப் பார்த்தார், உலக்கையைப் பார்த்தார், அதற்கப்புறம் காரைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி:

"கொடி உறையை எடுத்தது யார்?"

"நான்தான் சார்" என்றான் அண்ணன், தரையில் கிடந்தபடியே. சொல்லிவிட்டு சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கப் பார்த்தான். கை தூக்க வரவில்லை.

"பொய். நான்தான் எடுத்தேன்" என்று கத்தினேன். "எடுக்காங்காட்டி இன்னொரு காலையும் ஒடச்சிருப்பானுங்க. உன் மச்சான்தான் ஒடச்சான். போயிக் கேளு."

அதற்குள் அட்மிரல் வந்துவிட்டார். பெரிய வூட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "கார்க் கதவுல கால் மாட்டிக்கிச்சி, பாவம்" என்றார். மருமகன் அதை இங்கிலீஷில் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் சொன்னதைச் சொன்னாரா, தெரியாது. அட்மிரல் காரைச் சுற்றி வந்தார். உலக்கையின் பூணில் ஒட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தார். மாலையைக் கழற்றித் தரையில் போட்டார். என்னிடம் கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு இடுப்பிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். என் வாய் ரத்தம் அதில் ஒட்டியிருந்தது. அவர் அதை மடித்துத் தன் வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணனைப் பின் சீட்டில் படுக்க வைக்கச் சொன்னார். அட்மிரல் உட்காருகிற இடத்தில். பெரிய வூட்டுக்காரர் பதறிப்போய், "வேணாங்க, மாட்டு வண்டி கட்டச் சொல்றேன்" என்றார். அட்மிரல் காதிலேயே வாங்கவில்லை. தானே முன் கதவைத் திறந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜீப் ஓட்டி வந்த போலீஸ்காரர் காரை எடுத்தார். கொடி திறந்தபடியே கார் ஊர்த் தெருவில் திரும்பிப் போனது. நாங்கள் குத்திய அரிசிச் சோறு பந்தலில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

அந்த மனுஷனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேரே மெட்ராஸில் பட்டாள ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார், மறுநாள் வந்தும் பார்த்திருக்கிறார். அடிபட்டவனின் கையைப் பிடித்து விசாரிப்பது அவர் வேலையில் ஒன்று என்று அண்ணன் சொன்னானே, அதைச் செய்தார். ஆனால் அதற்கடுத்த நாள் அவருக்கு வேறு ஊரில் வேறு ரிப்பன். எங்களுக்கு அதே ஊர்தான். கார் கிளப்பிய தூசி அடங்கும் முன்பே சேரிக்குள் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். எங்கள் கூரையைப் பிரித்துக் கொளுத்தினார்கள். கருவாட்டுக் குழம்புச் சட்டியை எட்டி உதைத்தார்கள். அம்மாவைத் தலைமுடியோடு வாசலுக்கு இழுத்து, அவள் கண் முன்னால் என்னைத் தார்க்கோலால் அடித்தார்கள். ஆணி கிழித்த தழும்புகள் இன்னமும் முதுகில் இருக்கின்றன, குளிக்கும்போது கைக்கு நெருடும். கேஸ் எதுவும் ஆகவில்லை. அந்தப் போகம் முழுக்கச் சேரிக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. எங்களில் பாதிப் பேர் மாகறல் பக்கம் போய்க் கூலி வேலை செய்து பிழைத்தோம். எங்களால்தான் இத்தனை பேஜாரும் என்று சேரியிலேயே சிலர் எங்களோடு பேசவில்லை. அதுவும் வலித்தது.

அண்ணன் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்தான். காலை எடுக்கவில்லை. கட்டி, அறுத்து, மறுபடி கட்டி, ஒருவழியாகக் கூடியது. ஆனால் நாலு விரற்கடை குட்டையாகக் கூடியது. கொடி திறந்ததற்கு விசாரணை நடந்ததாம், உறையை எடுத்தது தான்தான் என்றே கடைசி வரைக்கும் சொல்லியிருக்கிறான். எச்சரிக்கையோடு விட்டார்கள். குட்டைக் காலோடு வண்டி ஓட்ட முடியாது என்று வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் அளவெடுத்து ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார்கள். இடது கால் சாதாரணம். வலது காலுக்கு அடியில் செங்கல் கனத்துக்குக் கட்டையும் தோலும் வைத்துத் தைத்தது. அது இருந்தால் நடப்பான், இல்லாவிட்டால் ஓரடி எடுத்து வைக்க முடியாது.

அதைப் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தான். நான் பஸ் நிற்கும் இடத்துக்கே போயிருந்தேன். வயல் வழியாகச் சுற்றிப் போய்விடலாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. ஊர்த் தெருவில் இறங்கினான். ஒரு காலுக்கு மெல்லிசாகவும் மறு காலுக்குக் கனமாகவும் சத்தம். தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். புளியமரத்தடியில் சின்னவர் வழியை மறித்தார். கையில் தார்க்கோல் இருந்தது.

"அவுத்துட்டுப் போ."

அண்ணன் தெரு நடுவில், மண்ணில் உட்கார்ந்தான். கயிற்றை நிதானமாக அவிழ்த்தான். வலது பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். கால்சட்டையை மேலே சுருட்டி, அந்தக் காலைச் சின்னவர் முன்னால் நீட்டினான். தழும்பும் குழியுமாக, பாதம் உள்பக்கம் திரும்பிக் கிடந்தது.

"அவுத்துட்டேன் ஆண்டே. இனிமே என்னால நடக்க முடியாது. நீங்க பண்ண காலு இது. என்னைத் தூக்கிக்கினு போயி வாய்க்காலாண்ட வுட்டுடுங்க."

இரண்டு கையையும் தூக்கிக் குழந்தை மாதிரி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களைத் தொட்டால் தலைக்குக் குளிக்கிற தெரு அது. சின்னவர் பின்னால் திரும்பி ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். தார்க்கோல் ஓங்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் என் கையில் ஒரு கல்லை எடுத்து வைத்திருந்தேன். அவனைத் தூக்க யாரும் வரவில்லை.

அண்ணன் கையை இறக்கினான். பூட்ஸை எடுத்து மண்ணைத் தட்டி, மாட்டி, கயிற்றைக் கடைசிக் கண்ணி வரைக்கும் கோத்துக் கட்டினான். என் தோளைப் பிடித்து எழுந்தான். சின்னவரைச் சுற்றிக்கொண்டு போகவில்லை, அவர்தான் நகர்ந்து கொடுத்தார்.

புதுக் கூரை போட்ட எங்கள் வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. பழக்கத்தில் அண்ணன் குனிந்து கயிற்றை அவிழ்க்கப் போனான். எங்கள் வீட்டுக்குள்ளும் யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு நுழைவதில்லை, நடுவீட்டில்தான் நைனாவுக்கு விளக்கு வைப்போம். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"பூட்சோட உள்ள வா. சோறு ஆறுது."